கடைசி நான்கு வாரங்கள்

ஜூன் 9

தினமும் நான்கு வரி எழுத வேண்டும் என்று முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னார். எழுதுகிறேன். இது மூன்றாவது வரி. இது நான்காவது.

ஜூன் 10

நேற்று எழுதியதை இன்று நானே எடுத்துப் படித்தேன். விளங்கியது. சந்தோஷத்தில் இன்னொரு முறை படித்தேன்.

என் பெயர் வையாபுரி. வயது எழுபத்திரண்டு. நாமக்கல்லில் லாரி ஓட்டினேன். முட்டை லோடு, ஜவ்வரிசி லோடு, சில சமயம் இரும்பு. அசாம் வரை போயிருக்கிறேன். வழியில் ஒரு போர்டையும் படித்ததில்லை. கேட்டுக் கேட்டுத்தான் போனேன். கேட்ட இடத்தில் எல்லாரும் சரியாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவேன். ஆனால் அது எழுத்து இல்லை, படம். கோழி வரைகிற மாதிரி என் பெயரை வரைவேன்.

இப்போது எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

ஜூன் 12

என் மனைவி போன பிறகு மகள் சாந்தாமணி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். மாப்பிள்ளை லோகநாதன் நல்லவர். அவருடைய அம்மாவும் இங்கேதான் இருக்கிறார். சம்பந்தியம்மா ரங்கநாயகி. அவரும் நல்லவர் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

அவர் என்னிடம் நேராகப் பேசுவது குறைவு. காக்கைக்குச் சோறு வைக்கும்போது காக்கையிடம் பேசுவார். இன்று காலை சொன்னது:

“உனக்கென்ன கண்ணு, ஒரு வாய் தின்னுட்டுப் பறந்துருவ. பொண்ணு குடுத்த ஊட்டுல தண்ணி குடிக்கவே அந்தக் காலத்துல யோசிப்பாங்க. இப்பெல்லாம் டிபனே ரெண்டு தடவ ஆகுது.”

நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். “சாந்தா, இன்னொரு இட்லி வை” என்றேன். பசி இல்லை. இருந்தாலும் சாப்பிட்டேன்.

ஜூன் 15

வகுப்புப் புத்தகங்கள் முடிந்துவிட்டன. எல்லாம் சின்னச் சின்னது. கை கழுவ வேண்டும், மரம் நட வேண்டும். எழுபத்திரண்டு வயதில் எனக்கு இதைச் சொல்ல ஒரு புத்தகமா? பெரிய புத்தகம் வேண்டும் என்றேன். சம்பந்தியம்மாவிடம் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார்.

அது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. மாப்பிள்ளை சின்னப் பையனாக இருந்தபோது வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. சம்பந்தியம்மா வாராவாரம் பக்கத்தைக் கத்தரித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு, மேலே பச்சைக் காடாத்துணி ஒட்டி வைத்திருக்கிறார். பெயர் ‘ஆறாத கோப்பை’. ஒரு செங்கல் கனம். கேட்டேன்.

“அதுல படமெல்லாம் அதிகம் இல்லீங்க சம்பந்தி” என்றார்.

“எழுத்து இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“அது போதும்.”

நிறைய நிபந்தனை போட்டார். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. மூலையை மடிக்கக் கூடாது. வெற்றிலை போட்ட வாயோடு அதன் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் அநியாயம்.

கடைசி நான்கு வாரம் இதில் இல்லை. தனியாகத் தைத்துப் பீரோவில் வைத்திருக்கிறாராம். வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொலைகாரன் யார் என்று பார்த்துவிடுகிறார்களாம். அதனால் இந்த ஏற்பாடு. மீதிக் கதையைப் படித்துவிட்டு, யார் மேல் சந்தேகம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கடைசிப் பாகம் கிடைக்கும். தப்பாகச் சொன்னால் திரும்பப் படிக்க வேண்டும்.

“இதுவரைக்கும் எத்தனை பேர் சரியாச் சொல்லியிருக்காங்க?”

“ஒருத்தருமில்லை” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை.

ஜூன் 17

முதல் பக்கம் முடிந்தது. மலைமேல் தேயிலைத் தோட்டம். முதலாளி ராஜசிங்கம் தன் அறையில் நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். அறை உள்பக்கம் பூட்டியிருக்கிறது. எதிரே கோப்பையில் காப்பி. இன்னும் ஆவி பறக்கிறது. மருத்துவர் வந்து பார்த்து, இவர் செத்து வெகுநேரம் ஆகிவிட்டது என்கிறார். அப்படியானால் காப்பி எப்படி ஆறவில்லை?

எனக்கு ரோமம் சிலிர்த்தது. யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன், நானே சிலிர்த்தேன்.

ஜூன் 18

இன்ஸ்பெக்டர் புருஷோத்தமன் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, முடி உதிர்கிறதா, பொடுகுத் தொல்லையா, மூலிகைத் தைலம் தேயுங்கள் என்றார். அவர் ஏன் அதைச் சொன்னார் என்று காலை முழுக்க யோசித்தேன். ராஜசிங்கம் வழுக்கையாக இருக்கலாம், தைலத்தில் விஷம் இருக்கலாம் என்று முடிவு செய்தேன். சாந்தாவிடம் சொன்னேன். அவள் வந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

“அப்பா, இது வெளம்பரம். பத்திரிகைல கதைக்குப் பின்னாடி இருந்தது.”

சமையலறையிலிருந்து சம்பந்தியம்மா: “தைலக்காரனையும் சந்தேகத்துல சேர்த்துக்கச் சொல்லு சாந்தா!”

அந்தம்மாவுக்கு ஒரு காலம் வரும்.

ஜூன் 22

வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு ஏறுகிறது. கண் மட்டும் படித்தால் எழுத்து வழுக்கிப் போய்விடுகிறது. என் குரல் லாரி எஞ்சினோடு போட்டி போட்ட குரல். சம்பந்தியம்மா பகலில் கண்ணயர முடியவில்லை என்று காக்கையிடம் முறையிட்டார். மாப்பிள்ளை சங்கடப்பட்டு, “மாமா, மொட்டை மாடியில காத்து நல்லா வரும்” என்றார். விளங்கியது. இனிமேல் தண்ணீர்த் தொட்டி நிழல்தான் எனக்கு.

ஜூன் 27

இதை எழுதியவரை நேரில் பார்த்தால் சட்டையைப் பிடிப்பேன்.

ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் ஒரு கதவு திறக்கிறது. அல்லது ஒரு நிழல் அசைகிறது. அல்லது “ஐயோ!” என்று ஒரு அலறல். கீழே தொடரும். நெஞ்சு படபடக்க அடுத்த வாரத்தைப் புரட்டினால் பூனை. போன வாரம் நாய். அதற்கு முந்தின வாரம் காற்றில் சன்னல் அடித்துக்கொண்டதாம். சன்னல் அடித்ததற்கா அந்தப் பெண்பிள்ளை அப்படி அலறினாள்?

இன்ஸ்பெக்டரும் சரியில்லை. சிகரெட் பிடிக்கிறார், வானத்தைப் பார்க்கிறார், “எனக்கு ஒன்று புரிந்துவிட்டது” என்கிறார். புரிந்ததைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. சொல்லமாட்டார்.

ஆனால் ஒன்று. மலையில் பனி இறங்குவதை ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். பனியில் வண்டி விளக்கு முன்னால் போகாது, முகத்துக்கே திரும்பி அடிக்கும் என்று. அது உண்மை. அதை இரண்டு தடவை படித்தேன்.

ஜூலை 2

சந்தேகம் இப்போது டிரைவர் மேல். பெயர் சின்னையா. ஏன் சந்தேகம்? அவன் அதிகம் பேசமாட்டான், கண் சிவந்திருக்கிறது, இரவில் விழித்திருக்கிறான். டிரைவர் கண் சிவக்காமல் பச்சையாகவா இருக்கும்?

சாப்பிடும்போது சொன்னேன்: “பணக்காரன் செத்தா உடனே டிரைவரைப் புடிச்சுக்கறாங்க.”

“டிரைவருங்க எல்லாரும் யோக்கியமுங்களா?” என்றார் சம்பந்தியம்மா.

“எல்லாருமில்லீங்க. ஆனா சின்னையா யோக்கியன்.”

“அவனை உங்களுக்கு எத்தனை வருசமாத் தெரியும்?”

மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

ஜூலை 5

இரண்டாம் மனைவி வசந்தமாலை அழுதாள். அழுத விதம் சரியில்லை.

ஜூலை 6

மாப்பிள்ளை செல்போனில் தட்டினால் முடிவு வந்துவிடும் என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துவிட்டார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? என் அம்மா இறந்த தந்தியைத் தன்பாத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரன் படித்துச் சொன்னான். சாந்தா பிறந்த கடிதத்தைக் கிளீனர் படித்தான். மனைவிக்கு என்ன வியாதி என்பதைக்கூட மருந்துக்கடைப் பெண் சீட்டைப் பார்த்து எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்கு எது தெரிந்ததோ அது எல்லாம் இன்னொருவர் வாயிலிருந்து தெரிந்தது. இந்த ஒன்றையாவது என் கண்ணால் தெரிந்துகொள்ள வேண்டும். யார் கொன்றது என்பதை எனக்கு யாரும் சொல்லக் கூடாது. கடைசி நான்கு வாரத்தை வாங்காமல் விடமாட்டேன்.

ஜூலை 11

இன்று பெரிய ரகளை. தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பொய் சொன்னது அம்பலமாகும் இடம். தொட்டி நிரம்பி, வழிந்து, மாடியெல்லாம் ஓடி, படிக்கட்டில் இறங்கி, காய வைத்திருந்த மிளகாயை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை. வேட்டி நனைந்த பிறகுதான் எழுந்தேன். புத்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு எழுந்தேன். அதில் ஒரு சொட்டு படவில்லை.

மிளகாய் சம்பந்தியம்மாவுடையது. இன்றோடு தொலைந்தோம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “மாமா, கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தை நிறுத்தி வைங்க.”

சம்பந்தியம்மா மகன் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

“புத்தகத்தை எதுக்குடா நிறுத்தோணும்? மோட்டாரை நிறுத்த ஊட்டுல வேற ஒருத்தருக்கும் கையில்லையா?”

  சம்பந்தியம்மா எனக்காக ஏன் பேசினார் என்று தெரியவில்லை. பிறகு என் பக்கம் வந்து, “மிளகாய்க்கு உங்களை மன்னிக்கல” என்றார். அப்பாடா என்றிருந்தது.

ஜூலை 20

முடித்துவிட்டேன். கடைசி வரி: “கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்” என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுத் திரும்புகிறார். தொடரும். பின்பக்கத்தில் பாதி மைசூர்பாகு. அதாவது செய்முறை.

நேராகப் போய்ச் சொன்னேன்: “டாக்டர்.”

சம்பந்தியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். “ஏன்?”

காரணம் சொன்னேன். டாக்டர் பொய் சொன்னார், விஷம் அவரிடம்தான் இருக்கும், கையுறை போட்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். இடையில் இரண்டு கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள். பிறகு, “தப்பு. திரும்பிப் படிங்க” என்றார்.

ஜூலை 24

“ராஜசிங்கத்தோட தம்பி.” தப்பு.

ஜூலை 26

“மேனேஜர்.” இதற்கும் காரணமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் தப்பு என்றார். சமையல்காரன் என்றேன். “காப்பி போட்டான்கறதுக்காகவா?” என்று சிரித்தார். தப்பு.

ஜூலை 28

வசந்தமாலை என்றேன். சம்பந்தியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அவ என்ன பண்ணுனா? சொல்லுங்க, என்ன பண்ணுனா? புருசன் செத்த ஊட்டுல சன்னலைத் தொறந்து வெச்சு நின்னா. அதுக்குக் கொலைகாரியா? தெருவுல வாங்கிட்டுப் போனவங்க பாதிப்பேரு அவளத்தான் சொன்னாங்க. பொம்பளை ஒருத்தி மூச்சு விட்டாக் கொலையாக்கும்!”

“தப்புன்னு சொன்னாப் போதுமுங்களே” என்றேன்.

“தப்பு!”

ஜூலை 30

மனசாட்சிக்கு விரோதமாக இன்று அதையும் சொன்னேன். “சின்னையா.” டிரைவர்களே, மன்னித்துவிடுங்கள்.

“தப்பு” என்றார்.

ஒரு பக்கம் நிம்மதி. ஆனால் திண்டாட்டமாக இருக்கிறது. கதையில் இருக்கிற எல்லாரையும் சொல்லிவிட்டேன். எல்லாரும் தப்பு. அப்படியானால் ராஜசிங்கத்தை யார் கொன்றது? இன்ஸ்பெக்டரா? அதையும் கேட்டேன். தப்பு. பூனையா? வெளியே போகச் சொல்லிவிட்டார்.

இந்த அம்மாவுக்கு எனக்குத் தரக்கூடாது என்று எண்ணம். படிப்பில்லாதவன் படித்து முடித்துவிட்டான் என்று வயிற்றெரிச்சல். இனி அவர் இருக்கும் நேரத்தில் நான் கூடத்தில் உட்காரமாட்டேன்.

ஆகஸ்ட் 4

ஆடி வெள்ளி. சம்பந்தியம்மாவும் சாந்தாவும் கோயிலுக்குப் போனார்கள். பீரோ சாவி சாமிபடத்துக்குப் பின்னால் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பீரோ எப்படித் திறந்தது என்றும் தெரியாது. திறந்திருந்த பீரோவை ஒரு மனிதன் பார்க்கத்தான் செய்வான்.

புடவைகள். ஒரு பழைய மூக்குக்கண்ணாடி. மிச்சப் பச்சைத்துணி, ஊசி, நூல்கண்டு. வேறு புத்தகங்கள் நான்கைந்து, அதே மாதிரி தைத்தவை. எல்லாவற்றையும் பார்த்தேன். அடியிலும் பார்த்தேன். கடைசி நான்கு வாரம் அங்கே இல்லை.

பீரோ பிறகு எப்படியோ சாத்திக்கொண்டது.

ஆகஸ்ட் 5

ஒளித்து வைத்திருக்கிறார். வேறெங்கோ. அரிசி டின்னில் இல்லை.

ஆகஸ்ட் 6

ஞாயிறு. கோழிக் குழம்பு. சம்பந்தியம்மா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். நான் மாப்பிள்ளையிடம் ஆற்றாமையில் சொன்னேன், உங்கம்மா கடைசிப் பாகத்தை எங்கேதான் வைத்திருக்கிறார் என்று.

“எனக்கெங்கே மாமா தெரியும். அம்மா அந்தக் கதைக்குப் பைத்தியமா இருந்தாங்க. ஒருநாள் அதைப் படிச்சுக்கிட்டே அடுப்புல பால வெச்சது மறந்து, பொங்கி, பாத்திரமே தீஞ்சு போச்சு. அப்பாவுக்குக் கோவம் வந்து, பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டு இனி இந்த ஊட்டுக்குப் போடாதேன்னு சொல்லிட்டாரு. அப்ப நான் ஸ்கூல் போயிட்டிருந்தேன்.  மறுநா அம்மா பாலு பொங்கறதுக்கு முந்தியே எறக்கி வெச்சாங்க.” சிரித்துக்கொண்டே சொன்னார். எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

“அப்புறம் அந்தப் பத்திரிகை வரவே இல்லீங்களா?”

“அப்பா இருந்த வரைக்கும் வரல.”

நான் கை கழுவிவிட்டு மாடிக்குப் போனேன். புத்தகத்தை எடுத்துக் கடைசி வாரத்தைப் பார்த்தேன். தையல் அங்கே முடிகிறது. அதற்குப் பின் எதையும் பிரித்த தடம் இல்லை. நூலின் முடிச்சு பழைய முடிச்சு.

ஆகஸ்ட் 7

எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

யோசித்தேன். வராத அந்த நான்கு வாரத்தைச் சம்பந்தியம்மா கடையில் வாங்கியிருக்கலாமே, யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று. கேட்டிருக்க முடியாது. கடைசிப் பாகம் என் பீரோவில் இருக்கிறது என்று தெருவுக்கெல்லாம் சொன்ன பிறகு யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு அது விளங்குகிறது. நானும் பல ஊரில் போர்டைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

பஸ் ஸ்டாண்டு பக்கத்து நூலகத்துக்குப் போனேன். உறுப்பினராக வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

“பேனா குடு கண்ணு” என்றேன்.

என் பெயரை எழுதினேன். வரையவில்லை. எழுத நேரம் பிடித்தது. பின்னால் நின்றவர் செருமினார். செருமட்டும்.

‘ஆறாத கோப்பை’ அச்சுப் புத்தகமாக இருக்கிறது. தடிப் புத்தகம். தேடிக் கொடுத்தாள். அங்கேயே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்தேன். “கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்.” அதற்கு மேல் படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில் வாய்விட்டுப் படிக்கக் கூடாதாம். உதட்டை மட்டும் அசைத்தேன். இன்று முடியவில்லை. நாளையும் போவேன்.

ஆகஸ்ட் 12

முடிந்தது.

சின்னையா.

டிரைவர் சின்னையாதான்.

எழுந்து அந்தப் புத்தகத்தை வெளியே வீசிவிடலாமா என்றிருந்தது. ஆள் இல்லையா உனக்கு? அத்தனை பெரிய பங்களாவில் வேறு ஆள் கிடைக்கவில்லையா? நான் எவ்வளவு தூரம் அவனுக்காக வாதாடினேன்!

ஆனால் படித்ததை எழுத வேண்டும். பல வருடத்துக்கு முன் முதலாளி குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு பெண்ணை அடித்துவிடுகிறார். நான் ஓட்டினேன் என்று ஸ்டேஷனில் சொல், குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சின்னையாவிடம் சொல்கிறார். அவன் போய்ச் சொல்கிறான். ஜெயிலில் இருக்கிறான். வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது, செத்தது அவன் தங்கை. ஊரிலிருந்து அவனைப் பார்க்க வந்த தங்கை. பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து ஊற்றி வைத்தவன் அவன். மாற்றுச் சாவி வெகுகாலமாக அவனிடம்தான் இருந்தது. டிரைவரை யார் கவனிக்கிறார்கள், வாசலில் நின்றால் வண்டியின் ஒரு பாகம் என்று நினைப்பார்கள் என்று அவனே இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறான்.

அந்த இடத்தில் எழுத்து தெரியவில்லை. மின்விசிறிக் காற்றில் கண் கலங்கும்.

தங்கை என்று வைத்தது அதிகப்படி. வேறு யாரோ ஒரு பெண் என்று விட்டிருந்தாலே போதும், அவன் கொன்றிருப்பான். பூனையும் நாயும் அலறலும் வெட்டிவிட்டால் புத்தகம் பாதியாகும். இன்ஸ்பெக்டருக்குக் கடைசியில் புரிந்ததும் தற்செயல்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன். முதலாளி பழியை டிரைவர் சுமப்பது எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால், படிக்கத் தெரியாதே. இவர் எழுதியிருக்கிறார். சட்டையைப் பிடிக்கமாட்டேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பூனையைப் பற்றிக் கேட்பேன்.

யாரும் சொல்லாமல் தெரிந்துகொண்டேன். என் கண்ணால்.

புத்தகத்தை என் பேரில் எழுதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 13

கொண்டுவந்துவிட்டேனே தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘இந்தாங்க, படிங்க’ என்று கொடுத்தால் அந்த அம்மா செத்தாலும் தொடமாட்டார். கொடுத்தவன் முகத்தில் அதற்கப்புறம் விழிக்கவும் மாட்டார்.

ஆகஸ்ட் 14

காலையில் கூடத்து மேசையில் புத்தகத்தை வைத்தேன். சம்பந்தியம்மா காதில் விழும்படி சாந்தாவிடம் சொன்னேன்.

“சாந்தா, இது கவர்மென்ட் புஸ்தகம். அதே கதைதான். என் பேர்ல எடுத்தது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கோணும். ஒருத்தரும் தொடக் கூடாது. முக்கியமா இந்த ஊட்டுல பெரிய படிப்பாளின்னு நெனச்சுக்கிட்டிருக்கறவங்க தொடக் கூடாது.”

“தொடறதுக்கு இங்க யாரும் காஞ்சு கெடக்கலீங்க” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. “நம்மகிட்ட இல்லாததா?”

“அதானுங்களே” என்றேன்.

சாந்தா வேலைக்குப் போனாள். மாப்பிள்ளையும். நான் லாரி ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பழைய ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் வேலையில்லை. டீ குடித்தேன். பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்தேன். பசித்தது. அங்கேயே பரோட்டா சாப்பிட்டேன். பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது. வைத்த மாதிரியே இருந்தது. வீடெங்கும் பருப்பு அடிப்பிடித்த வாசனை.

“என்னம்மா, பருப்பு தீஞ்சிருச்சா?” என்று மாப்பிள்ளை வந்ததும் கேட்டார்.

“அடுப்பு சரியில்லை” என்றார் சம்பந்தியம்மா.

“அடுப்பு கொஞ்ச நாளாவே சரியில்லீங்க மாப்ள” என்றேன் நான்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. நூலகம் கிடையாது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாடு பாதியில், யாரும் எதுவும் கேட்காமலே, சம்பந்தியம்மா சோற்றைப் பார்த்தபடி சொன்னார்:

“டிரைவருங்க எல்லாருமே அப்படித்தான். வாயத் தொறக்காம இருந்துட்டுக் கழுத்தறுப்பாங்க.”

நான் கையை உதறினேன். “அவன் என்னங்க பண்ணுவான்? தங்கச்சி செத்திருக்குது. செய்யாத தப்புக்கு உள்ள இருந்துட்டு வந்திருக்கான்!”

“அதுக்குன்னு? அந்தப் பழி யாரு மேல வந்துது? வசந்தமாலை மேல. ஒருத்தன் வந்து அவகிட்ட மன்னிப்புக் கேட்டானா? உங்க சின்னையா கேட்டானா?”

“தூக்குக்குப் போறவன் எங்கீங்க போய்க் கேக்கறது?”

“ஒரு வரி எழுதியிருக்கலாமில்ல? கடைசில அவ தன்னப்போல ரயிலேறிப் போயிடறா. ஒரு பொட்டியோட. ஒருத்தருகிட்டயும் சொல்லல. சன்னல் பக்கம் உக்காந்துக்கறா.” சம்பந்தியம்மா சோற்றைப் பிசைந்தார். “அது நல்லா எழுதியிருந்தாரு” என்றார் பிறகு, குரல் இறங்கி. “அவ பண்ணல. எனக்குத் தெரியும், அவ பண்ணியிருக்கமாட்டா.”

சாந்தா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அத்தை, அப்ப அந்த டிரைவருதான்னு…”

நான் ஜூலையில் ஒருநாள் சின்னையா பெயரைச் சொன்னேன். தப்பு என்றார். அது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

“சாந்தா, ரசத்துல உப்பு பத்தல” என்றேன்.

“உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது” என்றார் சம்பந்தியம்மா. “நாக்குச் செத்துப்போனா ஆரு என்ன பண்ணறது? லாரி ஸ்டாண்டு பரோட்டா தின்னு தின்னு.”

“தொடரைப் படிச்சுட்டுப் பருப்பத் தீய விடறதுக்குப் பரோட்டா எவ்வளவோ தேவலைங்க” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ரசத்தைக் குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிறகும் விடவில்லை. பிளாஸ்கில் காப்பி அவ்வளவு நேரம் சுடுமா என்று அவர் கேட்டார். நல்ல பிளாஸ்க் என்றால் சுடும் என்றேன். அந்தக் காலத்துப் பிளாஸ்கா என்றார். முதலாளி வீட்டுப் பிளாஸ்க் என்றேன். பூனை எதற்கு என்று இருவருக்குமே விளங்கவில்லை. மாப்பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார். சாந்தா, “ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாச் சண்டை போடுங்க, பக்கத்து ஊட்டுல என்ன நெனப்பாங்க” என்றாள். கை காய்ந்து பருக்கை ஒட்டிக்கொள்ளும் வரை பேசினோம்.

என் வயதில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். செக்போஸ்டில், லோடுமேனோடு, சம்பந்தம் பேசிய இடத்தில். படித்த ஒன்றுக்காகச் சண்டை போட்டது இதுதான் முதல். அசாம் போய் வந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 16

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல். காக்கை இல்லை, என்னிடமேதான்.

“ஏனுங்க சம்பந்தி. அங்க ஒரு ஆளுக்கு எத்தனை புஸ்தகம் குடுக்கறாங்க?”

“ரெண்டு குடுப்பாங்களாம்.”

“அப்ப இன்னொண்ணும் எடுத்துட்டு வாங்க. பெருசா இருக்கட்டும். டிரைவர் இல்லாத கதையாப் பார்த்து.”

“பார்க்கறேனுங்க” என்றேன்.

டிரைவர் இருக்கிற கதையாகத்தான் எடுப்பேன்.